பின்கேட்டுக்கு நான் எழுதிய சட்டம்

பேச எழுந்த ஒரு பெண்ணைப் பேசக் கூடாது என்று சொல்லி வெளியே அனுப்பினேன். அவர் நடந்துகொண்டிருந்த வழியை அடைத்தேன். அடைத்ததை யாரும் எளிதில் திறந்துவிடாதபடி ஒரு விதியும் எழுதிவைத்தேன். மூன்றையும் நானே செய்தேன், தெரிந்தே செய்தேன். அப்போது எனக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அறியாத வயது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

நான் அரசுக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசியல் அறிவியல் கற்பித்தவன். ஐரோப்பாவின் அறிவொளிக் காலச் சிந்தனையாளர்கள்தான் என் பாடம். மன்னனுக்கு அதிகாரம் கடவுளிடமிருந்து வந்தது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நாடுகளில், ஆளப்படுகிறவர்கள் சம்மதித்ததால்தான் அவன் மன்னன் என்று எழுதத் துணிந்தவர்கள் அவர்கள். ஒருவர் ஆங்கிலேய மருத்துவர். உயிரும் சுதந்திரமும் உடைமையும் அரசு நமக்குத் தந்தவை அல்ல, நம்மோடு பிறந்தவை, அவற்றைக் காப்பதற்குத்தான் அரசு என்றவர். இன்னொருவர் பிரெஞ்சு நீதிபதி. சட்டம் செய்பவனும் அதை நடத்துபவனும் தீர்ப்புச் சொல்பவனும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் யாருக்கும் பாதுகாப்பில்லை என்றவர். மூன்றாமவர் கடிகாரம் செய்பவரின் மகன். ஒரு சட்டத்துக்கு நான் கட்டுப்பட வேண்டுமென்றால் அதைச் செய்ததில் எனக்கும் பங்கிருக்க வேண்டும் என்றவர். அவர்களுடைய பெயர்களை இங்கே எழுதவில்லை. என் குற்றத்துக்கு அவர்களைச் சாட்சிக்கு இழுப்பதுபோல் இருக்கிறது.

என் மாணவர்களில் பலர் திருவள்ளூர்ப் பக்கத்துக் கூலி வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் நம் அரசியல் சட்டத்தின் முகப்புரையை வாசித்துக் காட்டி, சமத்துவம், சுதந்திரம், சகோதரத்துவம் என்ற சொற்கள் எங்கிருந்து புறப்பட்டு, எத்தனை சிறைகளையும் எத்தனை பிணங்களையும் தாண்டி இங்கே வந்தன என்று சொல்வேன். நம் தேசத்தின் தலைவர்கள் அவற்றை வாங்கி அப்படியே வைத்துவிடவில்லை, இங்கிருந்த தீண்டாமையின் எதிரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன்னைத் தண்டிக்க எவனுக்கும் உரிமை கிடையாது என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். அது நடிப்பல்ல. நான் நம்பியே சொன்னேன். அதுதான் இன்றும் எனக்குப் புரியாமல் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கினோம். முன்பக்கம் இறங்கி ஒரு தெருவைத் தாண்டினால் பஸ் டெப்போ. பின்பக்கச் சுவருக்கு அப்பால் ஒரு தெரு. இந்த இடமெல்லாம் வயலாக இருந்தபோது இதில் நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அங்கே இருக்கிறார்கள். வயல் போன பிறகு ஆண்கள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் வானகரத்துக் கிடங்குகளுக்கும் வேலைக்குப் போனார்கள். பெண்கள் எங்களைப் போன்றவர்களின் வீடுகளுக்கு வந்தார்கள். அவர்கள் டெப்போவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை எங்கள் மனைக்குள்தான் ஓடியது. கட்டடம் கட்டியவர் அவர்களுடன் சண்டை வேண்டாமென்று பின்சுவரில் சின்னதாக ஓர் இரும்பு கேட் விட்டிருந்தார். காலையில் அதன் வழியே நுழைந்து, கார்கள் நிற்கும் இடத்தின் ஓரமாக நடந்து, முன்வாசலில் வெளியேறுவார்கள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன்.

குடியிருப்பில் பெரும்பாலோர் மதுரை, சேலம், திருநெல்வேலி என்று வெளியூர்களிலிருந்து வந்து ஐ.டி. கம்பெனிகளில் வேலைபார்க்கும் இளம் குடும்பத்தினர். நல்ல பிள்ளைகள். எனக்குப் பேசவும் எழுதவும் வரும் என்பதால் அசோசியேஷனுக்குத் தலைவராக்கினார்கள். ‘ப்ரொபசர் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரியை விட்ட பிறகு நான் பேசுவதை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை.

ஒருநாள் ஒரு குழந்தையின் சைக்கிள் காணாமல்போனது. பின்கேட் வழியாகப் போகிறவர்கள்தான் எடுத்திருப்பார்கள் என்று பேச்சு கிளம்பியது. யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. விளையாடும் குழந்தைகளுக்கு நடுவே முகம் தெரியாதவர்கள் நடக்கிறார்கள், கேட்டை மூட வேண்டும் என்று பொதுக்குழுவைக் கூட்டினார்கள்.

கூட்டத்துக்கு அந்தப் பெண்ணும் வந்திருந்தார். எங்கள் பிளாக்கில் படிக்கட்டும் நடைபாதையும் பெருக்கித் துடைப்பவர், சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர். அவருடைய கணவருக்கு ஒரு பட்டறை விபத்தில் வலது கால் விளங்காமல் போயிருந்தது. அக்குளில் கட்டை ஊன்றி நடப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் உட்கார்ந்தபடி பெட்டிகளில் பொருள் அடுக்கும் வேலை. பஸ் டெப்போவிலிருந்தே கிளம்புவதால் அங்கே ஏறினால் அவருக்கு இடம் கிடைக்கும். கேட்டை மூடினால் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்து, நடக்க ஓரமே இல்லாமல் கிடக்கும் ரோடு அது. இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும்.

ஹாலின் வாசலில், அடுக்கிவைத்த நாற்காலிகளை ஒட்டி நின்றிருந்தவர் கையைத் தூக்கினார்.

“சார், நானும் ஒரு வார்த்த சொல்லிக்கிறேன். எங்க ஊட்டுக்காரரு…”

“நீ மெம்பர் இல்லம்மா. மெம்பர்தான் பேசலாம்.”

“மெம்பருங்க யாரும் அந்த வழில நடக்கல சார். நாங்கதான நடக்கறோம்.”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது. சிரித்தவர் மேல் வரவில்லை, அந்தப் பெண் மேல் வந்தது. கூட்ட ஒழுங்கைக் கெடுக்காதே, வெளியே இரு, பிறகு பார்க்கலாம் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை.

அதன்பின் நான் பேசியது நல்ல பேச்சு. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சமூக ஒப்பந்தம் என்றால் என்ன என்று விளக்கினேன். ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்குத்தான் அதன் பாதுகாப்பு, வெளியே இருப்பவர்களிடம் நாம் இரக்கம் காட்டலாம், கடமைப்பட்டவர்கள் அல்ல என்றேன். நிலத்தில் உழைப்பைக் கலந்தவனுக்கே அது உடைமையாகிறது, நாம் உழைத்துச் சேர்த்ததை இதில் போட்டிருக்கிறோம், வெறுமனே நடந்துபோனவர்களுக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்டேன். கை தட்டினார்கள். அடுத்து வரும் கமிட்டி கேட்டைத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு இளைஞர் கேட்டார். நான் அங்கேயே ஒரு விதியை எழுதினேன். மொத்த உரிமையாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதித்தால் ஒழிய கேட்டைத் திறக்க முடியாது. வருகிற போகிற பெரும்பான்மை கைவைக்க முடியாதபடி அடிப்படை உரிமைகளுக்குப் பூட்டுப் போடுவது எப்படி என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். அந்த வித்தையை ஒரு நொண்டி மனிதனின் வழிக்கு எதிராகப் பயன்படுத்தினேன்.

சைக்கிளுக்கு யார் குற்றவாளி என்று தீர்மானித்தவன் நான். சட்டம் எழுதியவன் நான். அன்று சாயங்காலமே போய்ப் பூட்டைப் போட்டவனும் நான். அந்தப் பிரெஞ்சு நீதிபதியின் நினைவே எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, “அந்தப் பொண்ணப் பேச விட்டிருக்கலாம்” என்றாள்.

“ரூல்னு ஒண்ணு இருக்குல்ல.”

“ரூல எழுதினதே நீங்கதானே.”

நான் டி.வி.யைப் போட்டேன்.

அந்தப் பெண் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். எங்கள் கதவின் முன்னால் துடைக்கும்போது நான் வெளியே வந்தால் வாளியை நகர்த்தி வழிவிடுவார். முன்பெல்லாம் ‘இன்னா சார், வாக்கிங்கா’ என்று கேட்பவர் இப்போது எதுவும் கேட்பதில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாமலிருக்கப் பழகிக்கொண்டேன் என்பது சரி.

சில மாதங்கள் கழித்துக் கண் பரிசோதனைக்காக ஆட்டோவில் பூந்தமல்லி போனேன். மெயின் ரோட்டில், மெட்ரோ தகரத்துக்கும் ஓடுகிற லாரிகளுக்கும் இடையில் ஒருவர் கட்டையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். முன்னால் போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “இன்னா பெர்சு, நடுரோட்ல நின்னுகினு கீற? ஊட்ல சொல்லிட்டு வன்ட்டியா?” என்று கத்தினார். நின்றவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கணவர். என்னையும் பார்த்தார். நான் சொல்லியிருந்தால் ஆட்டோ நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அடுத்த மாதம் அவர் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டார் என்று என் மனைவி சொன்னாள். அந்தப் பெண் சாயங்காலங்களில் இன்னொரு குடியிருப்பிலும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். யாரும் சாகவில்லை. வழக்கு, போலீஸ் எதுவும் இல்லை. ஒரு மனிதர் வெளியே போவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் என் பழைய புத்தகங்களை மீண்டும் எடுத்தேன். நான் அவர்களுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று நினைத்துத்தான் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க வேறொன்று தெரிந்தது. உழைப்பால் உடைமை என்று எழுதிய மருத்துவர், வேலையாளின் உழைப்பு எசமானின் கணக்கில் சேரும் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த இடத்தை நான் எத்தனையோ வருடம் வகுப்பில் நிற்காமல் கடந்திருக்கிறேன். அடிமை வியாபாரக் கம்பெனி ஒன்றில் அவருக்குப் பங்கும் இருந்தது. எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்ற கடிகாரக்காரர் மகனின் ‘எல்லோரில்’ பெண்கள் இல்லை. அவர்களும் ஹாலின் வாசலில் யாரையோ நிறுத்திவிட்டுத்தான் பேசியிருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் எழுதியது அவர்கள் போட்ட கோட்டில் நிற்கவில்லை. வெளியே நிறுத்தப்பட்ட அடிமைகளும் பெண்களும் அதே வாக்கியங்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். இன்று உரிமை என்று நாம் சொல்வது அப்படி வந்தவர்களால் ஆனது. நான் கற்பித்தது பாதிப் பாடம். அந்தப் பாதியை வைத்துத்தான் கேட்டைப் பூட்டினேன். எங்கள் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் மண்ணில் உழைப்பைக் கலந்தவர்கள் யார் என்று அந்த ஹாலில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடியவரை நான்தான் வெளியே அனுப்பியிருந்தேன்.

அதற்குள் தலைவர் பதவி போயிருந்தது. கேட்டைத் திறக்க வேண்டும் என்று உறுப்பினராகத் தீர்மானம் கொண்டுவந்தேன். நான் செய்தது தவறு என்றும் கூட்டத்தில் சொன்னேன். கைதட்டல் இல்லை. வீடு வீடாகப் போனேன். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களைப் போனில் பிடித்தேன். வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் என் பக்கம் கை தூக்கினார்கள். போதவில்லை. உரிமையாளர்களில் பலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பெங்களூரிலும் டெக்ஸாஸிலும் இருப்பவர்கள். அந்த கேட்டை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. அவர்கள் பதில் சொல்லாததெல்லாம் ‘வேண்டாம்’ என்றே கணக்கானது. இங்கேயே குடியிருக்கும் வாடகைக்காரர்களுக்கோ வாக்கில்லை.

புதிய செயலாளர் சேலத்துப் பையன், என்னிடம் மரியாதை உள்ளவர். “எனக்கும் திறக்கலாம்னுதான் சார் தோணுது. ஆனா என்ன பண்றது, நீங்க ட்ராஃப்ட் பண்ணது சார். லூப்ஹோலே இல்ல” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். படிக்கட்டில் வேலையாக இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

“சரி சார். கேட்டு எப்ப தொறப்பீங்க?”

என்னால் முடியவில்லை, முயன்று தோற்றுவிட்டேன் என்றேன்.

“அப்பறம் இன்னாத்துக்கு சார் மன்னிப்பு? அத வச்சிகினு நா இன்னா பண்ணட்டும்?”

பிறகு கொஞ்சம் யோசித்து, அவர்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். பழைய நில அளவைப் படத்தில் ஒரு புள்ளிக்கோடு இருக்கிறதாம். அது பாதை என்கிறார்கள் இவர்கள், வயல் வரப்பு என்கிறார் எங்கள் அசோசியேஷன் வக்கீல். “நீங்க வந்து, நாங்க நடந்தத பாத்தேன்னு சொல்வீங்களா சார்? உங்க ஆளுங்களுக்கு எதிர்ல?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான்கைந்து நாள் யோசித்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. தினமும் லிஃப்டில் பார்க்க வேண்டிய முகங்களை நினைத்தேன். என் மனைவி, “இதுல யோசிக்க என்ன இருக்கு, நடந்தாங்களா இல்லையா?” என்றாள்.

போனேன். விசாரணையில், குடிவந்த நாளிலிருந்தே அவர்கள் நடப்பதைப் பார்த்திருக்கிறேன், பாதை என்று தெரிந்தே மூடினேன் என்று வட்டாட்சியரிடம் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். திரும்பி வருவதற்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவிவிட்டது. வயசாகிவிட்டது, பாவம் என்று சிலர். சொந்த வீட்டுக்கே சூனியம் வைக்கிற ஆள் என்று சிலர். காலை நடையில் என்னோடு வந்துகொண்டிருந்தவர்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் என் வாக்குமூலம் அசோசியேஷன்காரர்களைப் பயமுறுத்தியது. உத்தரவு வருவதற்குள் சமாதானமாகப் போய்விடலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அந்தச் சமாதானத்தில், நான் எழுதிய விதியைத் தொடாமல் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கேட் ‘திறக்கப்படாது’, காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் ‘இயக்கப்படும்’. பின்தெருக்காரர்களுக்குப் படம் ஒட்டிய கார்டு. வாட்ச்மேனிடம் காட்டினால் விடுவார். பதிலுக்கு அவர்கள் மனுவைத் திரும்பப் பெற வேண்டும். எழுத வரும் என்பதால் உடன்படிக்கையை எழுதிக்கொடுக்க இரு தரப்பும் என்னையே கேட்டார்கள். நான் ‘வழி உரிமை’ என்று எழுதினேன். செயலாளர் அதை அடித்து ‘அனுமதி’ என்று திருத்தி அனுப்பினார். நான் மறுபடி ‘உரிமை’ என்று போட்டேன். கடைசியில் பின்தெருவிலிருந்து வந்த பெரியவர்கள் சிலரே என்னிடம், “வுடுங்க சார், எந்த வார்த்தையா இருந்தா இன்னா, கேட்டு தொறந்தா சரி” என்றார்கள். அவர்களிடம் நான் என்ன வாதம் செய்ய? கால்கள் அவர்களுடையவை.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், அந்தப் பெண்ணைத் தவிர.

அவருடைய கணவர் கார்டு வாங்கிக்கொண்டார். எஸ்டேட் வேலை போய்விட்டிருந்தது. டெப்போ அருகில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்க உட்கார இடம் கிடைத்தது. அந்தப் பெண் மட்டும் இப்போதும் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு வருகிறார். ஒருநாள் முன்வாசலில் பார்த்தபோது, வெயிலில் ஏன் இப்படி, கார்டை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

“எங்க மாமியா இந்த நெலத்துல நாத்து நட்டுட்டு இப்டிதான் சார் ஊட்டுக்கு வரும். அதுக்கு யாரு கார்டு குடுத்தது? நாளைக்கி இன்னொரு சைக்கிள் காணாம போவும். கார்ட புடுங்கிகினா நா யார்கிட்ட போய் கேக்கறது?”

உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பரீட்சைக்குப் பத்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன்.

அவர் கையெழுத்துப் போடாததால் மனு இன்னும் உயிரோடு இருக்கிறது. அடுத்த விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. மனு முடியவில்லை என்றால் மாத இறுதியில் கேட்டைப் பழையபடி மூடுவதாக அசோசியேஷன் அறிவித்துவிட்டது. பின்தெருவில் அவரோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. இவ பிடிவாதத்தால எல்லாரும் ரோட்டுல நிக்கப்போறோம் என்கிறார்கள். விசாரணையில் மறுபடியும் வந்து சொல்கிறேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மாலை அழைப்புமணி அடித்தது. அவருடைய கணவர். கழுத்தில் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கட்டையை வாசற்படியில் ஊன்றியபடியே பேசினார்.

“சார், எங்க ஊட்டுக்காரிய கையெழுத்து போட சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேக்கும். மறுபடியும் என்னால ரோட்டுல போவ முடியாது சார்.”

அவர் கேட்டதில் தவறே இல்லை. அவருடைய காலை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. அந்தப் பெண் சொல்வதும் சரி. இரண்டு சரிகளையும் எதிரெதிரே நிறுத்தியவன் நான்தான். கேட் மூடாமல் பார்த்துக்கொள்ள என்னால் ஆனதைச் செய்கிறேன், வீடு வீடாக மறுபடியும் போகிறேன் என்றேன்.

“அதுகிட்ட சொல்வீங்களா, மாட்டீங்களா?”

“அவங்களப் பேசாம இருக்கச் சொல்ல மட்டும் என்னால முடியாதுங்க.”

அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை, எதிர்பார்த்ததுதான் என்பதுபோல இருந்தது.

“மணியாவுது சார், கேட்ட சாத்திடுவான்” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிகளில் இறங்கத் தொடங்கினார். லிஃப்டில் போகலாமே என்றேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.